மீனுக்கு முன்னால் பாக்டீரியா: புதிய மீன்தொட்டியைத் தயார்செய்யும் முறை

கடைக்குப் போய்த் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து, மாலைக்குள் தண்ணீர் நிரப்பி மீனை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மீன்கள் சுறுசுறுப்பாகத் திரியும். ஒரு வாரம் ஆவதற்குள் தீனியைச் சீண்டாமல் மூலையில் ஒதுங்கும். மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கும். தண்ணீரோ தெள்ளத் தெளிவாக இருக்கும். நமக்குக் கைராசி இல்லை என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

கைராசிக்கு இதில் வேலையே இல்லை. அந்த மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவிலிருந்து வந்த அம்மோனியா. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இன்னும் குடியேறவில்லை. அவை குடியேறிப் போதிய அளவு பெருக, வெளியுதவி இல்லாவிட்டால் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களை மீன் இல்லாமல் கழித்துவிட்டால், புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு வரும் துயரங்களில் பெரும்பங்கு வராமலே போய்விடும். மீனை வளர்ப்பதற்கு முன்னால் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். இதைச் செய்யும் முறைதான் இந்தக் கட்டுரை. நன்னீர் மீன்தொட்டியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

தொட்டிக்குள் நடப்பது

மீன் தீனியில் புரதம் அதிகம். அது செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனை மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. தின்னாமல் அடியில் தங்கிய தீனி, உதிர்ந்த இலை, எச்சம் ஆகியவை அழுகும்போதும் அம்மோனியாதான் வருகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது ஏராளமான நீரில் கரைந்து, செடிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உணவாகிவிடும். ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் கிடையாது. நாளுக்கு நாள் சேர்ந்து செவுளை அரிக்கிறது.

ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலற்றதாக்கிவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட மீனின் செவுள், இயல்பான சிவப்பு மாறிப் பழுப்பாகத் தெரியும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தாலும் மீன் மூச்சுக்குத் திணறும். இன்னொரு கூட்டம் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் கெடுதல் மிகக் குறைவு. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினாலோ செடிகள் வளர்த்தாலோ அதைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையைச் செய்பவை எவை என்பதில் அறிவியலே பலமுறை தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. ரஷ்ய அறிவியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இத்தகைய பாக்டீரியாக்களை முதன்முதலில் பிரித்தெடுத்துக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம், நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பு நூல்கள் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறு இனம் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015-இல் இன்னொரு வியப்பு. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுப்பாதையையும் தனியாகவே கடக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டறியப்பட்டன. அவற்றில் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்தே கிடைத்தன. நம் வீட்டு மூலையில் ஓடும் சிறு ஃபில்டருக்குள் நடப்பது அவ்வளவு ஆழமான விஷயம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மரியாதை கூடுகிறது.

நடைமுறைக்கு அந்தப் பாக்டீரியாக்களின் இயல்பு தெரிந்தால் போதும். அவை மிக மெதுவாகப் பெருகுபவை. வேறு பல பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு நல்ல சூழலிலேயே முக்கால் நாள், ஒரு நாள் பிடிக்கும். ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நான்கரை கிராமுக்கும் மேல் ஆக்சிஜன் செலவாகிறது. அவை தண்ணீரில் மிதந்து வாழ்வதில்லை. ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், கூழாங்கல், கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் மெல்லிய வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஆகவே பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் பாக்டீரியா வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீரில் அவை சொற்பம்.

வாங்க வேண்டியவை

தொட்டியை முடிந்தவரை பெரிதாக வாங்குங்கள். இருபது லிட்டர் தொட்டியில் ஒரு பிடி தீனி அதிகமானால் ஒரே நாளில் நஞ்சு ஏறும். நூறு லிட்டரில் அதே தவறு தாங்கும். புதியவர்களுக்குச் சின்னத் தொட்டி எளிது என்ற எண்ணம் தலைகீழானது.

ஃபில்டரில் ஸ்பாஞ்சோ செராமிக் வளையமோ வைக்க இடம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை முழுதாகத் தூக்கி எறிந்து புதிது மாட்டச் சொல்லும் காட்ரிட்ஜ் வகை எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு முறை எறியும்போதும் ஒரு மாத உழைப்பைக் குப்பையில் போடுகிறோம். ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலை மலிவு, காற்றும் தரும், பாக்டீரியாவுக்கும் நல்ல வீடு. சிறு தொட்டிக்கு அதைவிட நல்லது இல்லை என்பேன்.

அடுத்தது டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) இந்த நான்கையும் அளக்கும், சொட்டுச் சொட்டாக விடும் திரவக் கிட் வாங்குங்கள். அழகுப் பொருளுக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குத் திருப்பிவிடுங்கள். கிட் இல்லாமல் தொட்டியைத் தயார்செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. இதோடு குளோரின் நீக்கும் மருந்து, அம்மோனியம் குளோரைடு தூள், குளிர்ப் பிரதேசமானால் ஒரு ஹீட்டர். இவ்வளவுதான்.

முதல் நாள்

கூழாங்கல்லை வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு எதன்மேலும் படக் கூடாது. தொட்டியை நிரப்பி, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டுக் குளோரின் நீக்கியை விடுங்கள். குழாய்நீரில் நுண்ணுயிர்களைக் கொல்வதற்காகவே குளோரின் சேர்க்கிறார்கள். அது நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்பது உண்மைதான். சில ஊர்களில் குளோரமின் சேர்க்கிறார்கள். அது அப்படிப் போகாது. எது சேர்க்கிறார்கள் என்று தெரியாத நிலையில் மருந்தை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஃபில்டரை ஓடவிடுங்கள். இனி அது இரவு பகல் நிற்கக் கூடாது. தூங்கும்போது சத்தம் கேட்கிறது என்று அணைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதுதான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது. தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பாக்டீரியா நன்றாகப் பெருகும். குளிர்ந்த நீரிலும் வளரும், நாள்தான் நீளும்.

செடி வைக்க விரும்பினால் இப்போதே வையுங்கள். வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும். இலைப் பரப்பு பாக்டீரியாவுக்கும் இடமாகும்.

அம்மோனியா ஊட்டுதல்

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவு நாம்தான் தர வேண்டும். தீனியைப் போட்டு அழுகவிடுவது பழைய வழி. எவ்வளவு அம்மோனியா வரும் என்று கணிக்க முடியாது, பூஞ்சை பிடிக்கும், நாறும். தூய அம்மோனியம் குளோரைடு இதைவிட எவ்வளவோ மேல். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா, அதாவது 2 பிபிஎம், வர வேண்டுமானால் நூறு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 0.6 கிராம் தூள் போதும். அவ்வளவு சிறிய அளவை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாதே என்றால், 6 கிராம் தூளை 100 மில்லி லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள். நூறு லிட்டர் தொட்டிக்கு அதில் 10 மில்லி லிட்டர் ஊற்றினால் கணக்குச் சரியாக வரும். பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வீட்டைத் துடைக்க விற்கும் அம்மோனியா திரவத்தைப் பயன்படுத்துபவர்கள் பாட்டிலை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழுந்து அடங்காமல் நின்றால் அதில் சோப்பு இருக்கிறது, வேண்டாம். வாசனை சேர்த்ததும் வேண்டாம்.

அதிகம் ஊற்றினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். 5 பிபிஎம்-ஐத் தாண்டினால் எதிர்மாறாக, அந்தப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியே தடைப்படும். 2 பிபிஎம் ஊற்றி, அரைமணி கழித்து அளந்து உறுதிசெய்துகொண்டு விட்டுவிடுங்கள்.

சோதனைக் குழாயில் தெரிவது

இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான திரவக் கிட்களில் அம்மோனியா இல்லாத நீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அம்மோனியா ஏற ஏறப் பச்சையாகும். குழாயை வெள்ளைத் தாளின்முன் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் இந்தப் பச்சை ஏமாற்றும்.

முதல் வாரம் பச்சை அப்படியே நிற்கும். எதுவும் நடக்கவில்லை என்ற சலிப்பு வரும். பலர் பொறுமை இழந்து மீன் வாங்கப் போவது இந்தக் கட்டத்தில்தான். பொறுங்கள். ஒரு நாள் பச்சையில் மஞ்சள் கலக்கும். அன்றிலிருந்து நைட்ரைட்டையும் அளக்கத் தொடங்குங்கள். வெளிர்நீலமாக இருந்த நைட்ரைட் குழாய் ஊதாவாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்க்கூட்டம் வேலை தொடங்கிவிட்டது என்பதைக் கண்ணாலேயே காண்கிறீர்கள். மீன் வளர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

அம்மோனியா 0.5 பிபிஎம்-க்குக் கீழே இறங்கும்போது மீண்டும் 2 பிபிஎம் ஊட்டுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பங்கு அம்மோனியா முழுதாக மாறினால் எடைக் கணக்கில் 2.7 பங்கு நைட்ரைட் வரும். இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைவிட மெதுவாகவே நிலைபெறுகிறது. அதனால் இரண்டு மூன்று முறை ஊட்டியதுமே நைட்ரைட் கிட்டின் அட்டையிலுள்ள கடைசி நிறத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் அம்மோனியாவைப் பாதியாகக் குறைத்து நான்கு நாளுக்கு ஒருமுறை மட்டும் ஊட்டுங்கள். நைட்ரைட் அட்டைக்குள் வராமலே இரண்டு வாரம் நின்றால், பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பாக்டீரியா பரப்பில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை மாற்றுவதால் அது போய்விடாது.

நைட்ரேட் சோதனையில் ஒரு கவனம். கிட்டின் நைட்ரேட் பாட்டில்களில் ஒன்றின் மருந்து அடியில் படியும். கையில் அடித்து அரை நிமிடமாவது வலுவாகக் குலுக்காவிட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும். நைட்ரைட் நிறைய இருக்கும்போது அதையும் சேர்த்து நைட்ரேட்டாகக் காட்டும். ஆகவே நைட்ரைட் இறங்கும்வரை நைட்ரேட் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஒரு நாள் காலை ஊதா மறைந்து வெளிர்நீலம் திரும்பியிருக்கும். இது பெரும்பாலும் படிப்படியாக நடப்பதில்லை. வாரக்கணக்கில் அசையாமல் நின்ற நைட்ரைட் இரண்டு மூன்று நாளில் சடசடவென்று இறங்கும்.

நடுவில் நின்றுபோனால்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று அம்மோனியா இறங்காமல் நின்றுவிட்டால், முதலில் பிஎச் பாருங்கள். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரிலுள்ள கார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்து தானும் தீர்ந்துபோகிறது. நாளுக்கு 2 பிபிஎம் அம்மோனியா மாறினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், ஒவ்வொரு நாளும் போகும். கார்பனேட் குறைந்த மென்மையான தண்ணீரில் ஒரு வாரத்திலேயே கையிருப்பு காலி. பிஎச் 6.5-க்குக் கீழே போகும்போது பாக்டீரியா சோர்ந்துவிடும். 6-க்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும்.

தீர்வு எளிது. மீன் இல்லாத இந்தக் கட்டத்தில் நூறு லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றலாம், அல்லது பாதித் தண்ணீரை மாற்றலாம். இரண்டொரு நாளில் சோதனைக் குழாய் மீண்டும் நிறம் மாறும்.

பிஎச் சரியாக இருந்தும் நின்றிருந்தால், யாராவது குளோரின் நீக்காமல் தண்ணீர் ஊற்றினார்களா, ஃபில்டர் சில மணி நேரம் அணைந்திருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும்.

காலத்தைக் குறைக்கும் வழிகள்

ஆறு வாரத்தை ஒரு வாரமாக்க உறுதியான வழி ஒன்றுதான்: நோயில்லாத, ஓராண்டாவது ஓடிய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சின் ஒரு துண்டோ, ஒரு கைப்பிடி செராமிக் வளையமோ கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வைப்பது. அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறப் படலத்துக்குள்தான் நீங்கள் கேட்டு வாங்கிய பாக்டீரியா இருக்கிறது. அந்தத் தொட்டியின் தண்ணீரிலேயே மூழ்கவைத்து, மூடியைச் சற்றுத் திறந்து காற்றுப் புகவிட்டு, வெயிலில் வைக்காமல் ஓரிரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். காய்ந்தால் போயிற்று. கொடுப்பவர் தொட்டியில் அண்மையில் மீன்கள் நோய்ப்பட்டுச் செத்திருந்தால் வாங்க வேண்டாம். பாக்டீரியாவோடு நோய்க்கிருமியும் கூட வரும்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் இரண்டு வகை இருக்கிறது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் உண்மையான நைட்ரஜன் பாக்டீரியாக்கள் விதைபோல உறங்கும் வடிவம் எடுக்காதவை. அதிக வெப்பத்திலும் நீண்ட காலச் சேமிப்பிலும் செத்துவிடும். அவற்றைக் கொண்ட பாட்டிலில் இனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெளிவாக இருக்கும். இன்னொரு வகையில் இருப்பது பேசில்லஸ் போன்ற, உறங்குநிலையில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் பாக்டீரியாக்கள். அவை அடியில் படிந்த எச்சத்தையும் தீனியையும் சிதைக்கும். நல்ல வேலைதான். அம்மோனியாவைத் தீர்ப்பது அவற்றின் வேலை இல்லை. சிதைக்கும்போது அம்மோனியாவை வெளிவிடவும் செய்யும். பெயர்ப்பட்டியைப் படிக்காமல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

சரியான பாட்டில் கிடைத்தால் நன்றாகக் குலுக்கி, ஃபில்டரின் ஸ்பாஞ்ச் மேலேயே படும்படி ஊற்றுங்கள். புறஊதா விளக்கு பொருத்தியிருந்தால் சில நாட்கள் அணைத்துவையுங்கள். ஊற்றியதும் மீன் விடலாம் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் அம்மோனியா ஊட்டி அளந்துபார்க்காமல் விடாதீர்கள்.

மீன் விடும் நாள்

2 பிபிஎம் அம்மோனியா ஊட்டி 24 மணி நேரம் கழித்து அளக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியமாக இருக்க வேண்டும். அடுத்த நாளும் இதையே செய்து பாருங்கள். இரண்டு நாளும் சுழியம் என்றால் தொட்டி தயார்.

இதற்குள் நைட்ரேட் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். எண்பது, தொண்ணூறு சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில், குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். அன்றோ மறுநாளோ மீன் விடுங்கள். மீன் கிடைக்கத் தாமதமானால், சின்ன அளவு அம்மோனியா ஊட்டிக்கொண்டே இருங்கள்; பட்டினி கிடந்தால் பாக்டீரியாவின் செயல் குறைந்துகொண்டே போகும்.

தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவின் அளவு அதற்குக் கிடைக்கும் உணவைப் பொறுத்தது. மூன்று மீன் இருந்த தொட்டியில் திடீரென்று பதினைந்து மீன் சேர்த்தால், பாக்டீரியா அந்த அளவுக்குப் பெருகும்வரை அம்மோனியா ஏறும். ஆகவே சிலவற்றை விட்டு, ஒரு வாரம் அளந்துபார்த்து, பிறகு அடுத்த சிலவற்றை விடுங்கள். தீனியும் அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். வாரத்தில் ஒரு நாள் தீனி போடாவிட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

முதல் வாரங்களில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடலாம். பதறிப்போய்த் தொட்டியை முழுக்கக் கழுவாதீர்கள். மிஞ்சிய தீனியைத் தின்று திடீரெனப் பெருகிய வேறுவகை பாக்டீரியாக்கள் அவை. அவையும் ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதால் காற்றைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள். சில நாளில் தானே தெளியும்.

ஃபில்டரைக் கழுவும் விதம்

நன்றாக ஓடும் தொட்டி பெரும்பாலும் இங்கேதான் பாழாகிறது. மாதக்கணக்கில் வளர்த்த படலத்தைக் குழாயடியில் வைத்து, ஸ்பாஞ்ச் புதிதுபோல் மஞ்சளாகும்வரை பிழிந்து கழுவுகிறார்கள். இரண்டு நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது.

தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். ஃபில்டரை அணைத்து, ஸ்பாஞ்சை எடுத்து அந்த வாளிக்குள் மூழ்கவைத்து மூன்று நான்கு முறை மெதுவாகப் பிழியுங்கள். முதல் பிழியலில் கரும்பழுப்பாக மேகம் கிளம்பும். அது மக்கிய எச்சம், போகட்டும். விரலுக்கிடையில் ஸ்பாஞ்ச் சற்று வழவழப்பாகவே இருக்க வேண்டும். அதுவே நாம் காக்க வேண்டிய படலம். தண்ணீர் தடையில்லாமல் பாயும் அளவுக்கு அடைப்பு நீங்கினால் போதும், நிறம் மாற வேண்டியதில்லை. இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒன்றை இந்த மாதமும் மற்றதை அடுத்த மாதமும் கழுவுங்கள். ஸ்பாஞ்ச் நைந்து மாற்றியே ஆக வேண்டுமானால், புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்ட பிறகே பழையதை எடுங்கள். ஃபில்டர் கழுவும் அதே நாளில் கூழாங்கல்லையும் கிளறிச் சுத்தம் செய்ய வேண்டாம். வாளியில் மிஞ்சிய கருந்தண்ணீரைச் செடித்தொட்டிக்கு ஊற்றலாம், நல்ல உரம்.

மின்சாரம் போனால், மருந்து போட்டால்

மூடிய டப்பா வகை ஃபில்டரில் மின்சாரம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே குடித்துத் தீர்த்துவிடும். சில மணி நேரத்துக்கு மேல் நீண்டால் அது மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் முழுதும் மீன்மேல் பாயும். ஆகவே நேரம் நீளும் என்று தெரிந்தால் மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அன்று தீனி போடாதீர்கள்.

பாக்டீரியா நோய்க்கான ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் சில, ஃபில்டர் பாக்டீரியாவையும் தாக்கும். நோயுற்ற மீனை ஒரு தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்து மருந்து கொடுப்பதே முறை. பெரிய தொட்டியிலேயே போட வேண்டிவந்தால், மருந்துக் காலம் முழுதும் தினமும் அம்மோனியா அளக்க வேண்டும்.

பழைய தொட்டியிலும் ஓர் ஆபத்து

ஆண்டுக்கணக்கில் ஓடும், ஆவியான தண்ணீரை மட்டும் ஈடுசெய்துவந்த தொட்டிகளில் காரத்தன்மை மெல்லத் தீர்ந்து பிஎச் இறங்கிவிடும். பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா சேரும். ஆனால் மீன் நன்றாகவே இருக்கும். காரணம், அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்னும் கெடுதல் குறைந்த வடிவில் இருக்கும். 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதமே நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும்.

ஒரு நாள் தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று பாதிக்குமேல் புதுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிஎச் ஏறுகிறது. அதுவரை அடங்கியிருந்த அம்மோனியம் அம்மோனியாவாக மாறி ஒரே இரவில் மீன்களைக் கொல்கிறது. தண்ணீர் மாற்றியதால் செத்தது என்று பழி தண்ணீர்மேல் விழுகிறது. நெடுநாள் கவனிக்காத தொட்டி கையில் வந்தால் முதலில் அளந்து பாருங்கள். பிறகு தினம் பத்து சதவீதம் வீதம் மாற்றி மெல்லச் சீராக்குங்கள். வாரம் இருபது, இருபத்தைந்து சதவீதம் மாற்றும் தொட்டிக்கு இந்த நிலை வராது.

ஏற்கனவே மீன் விட்டுவிட்டவர்களுக்கு

தொட்டியில் மீன் இருக்கிறது, பாக்டீரியா இல்லை என்றால் அந்த மீன்களைக் காப்பாற்றிக்கொண்டே பாக்டீரியாவை வளர்க்கலாம். உழைப்பு அதிகம், ஆனால் முடியும். தினமும் காலையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளங்கள். இரண்டில் எது 0.5 பிபிஎம்-ஐத் தொட்டாலும் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை, சிட்டிகை அளவாகக் குறையுங்கள். காற்றை அதிகமாக ஓடவிடுங்கள்.

நைட்ரைட் ஏறும் நாட்களில் எதுவும் கலக்காத உப்பு கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. நூறு லிட்டருக்கு 10 கிராம் போதும். இந்த அளவு நன்னீர் மீன்களுக்கும் செடிகளுக்கும் கெடுதல் செய்யாது. தனியே கரைத்து மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மாற்றிய தண்ணீருக்கு ஏற்ற உப்பை மட்டும் சேருங்கள்.

அம்மோனியாவைக் கட்டிவைக்கும் மருந்துகளும் கிடைக்கின்றன. அவற்றைப் போட்ட பிறகும் கிட் அம்மோனியா இருப்பதாகவே காட்டலாம், ஏனெனில் பெரும்பாலான கிட்கள் மொத்த அம்மோனியாவை அளக்கின்றன. அந்த மருந்தின் காவல் ஓரிரு நாளே. அதை நம்பித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தக் கூடாது.

தண்ணீர் மாற்றாமலே ஏழு நாள் தொடர்ந்து இரண்டும் சுழியமாக நின்றபின் தினசரி அளவையை வாரம் ஒருமுறையாக்கலாம், தீனியைப் படிப்படியாக இயல்பு அளவுக்குக் கொண்டுவரலாம். அதுவரை புது மீன் ஒன்றுகூட வாங்க வேண்டாம்.